நல்லா இருக்கேன்னு சொன்ன வம்பு

ஏ புள்ள, எப்படி இருக்க? சின்னவளுக்குச் சளி விட்டுச்சா? நான் நல்லா இருக்கேன். பாரு, கை தானா எழுதுது. இந்தப் பேச்சாலதான் வம்பே வந்துச்சு.

குடோன்ல மூட்டை தூக்கறப்ப இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னேன்ல, பயப்படாத, நடக்கறேன். கம்பெனி தந்த லீவு சம்பளம் நின்னுபோச்சு. இனி இந்த ஊர் அரசாங்கம்தான் உதவிப்பணம் தரணும். கேக்கப் போனா, ஆபீசரம்மா சிரிச்சுக்கிட்டே, "எப்படி இருக்கீங்க?"ன்னாங்க. அசப்புல உங்கம்மா மாதிரியே முகம், மூக்குத்திதான் இல்ல. வாய் சும்மா இருக்குமா? "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேம்மா"ன்னுட்டேன். நல்லா இருக்கறவனுக்கு எதுக்குப் பணம்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

கூட வேலை பாக்கற டிரைவரண்ணன் தலையில அடிச்சுக்கிட்டார். "யோவ், உன்னை மாப்பிள்ளை பாக்கவா கூப்பிட்டாங்க?"

கெஞ்சினதுல இன்னைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. இதுவும் போச்சுன்னா ஊருக்கு மூட்டை கட்டவேண்டியதுதான். அந்த ஆபீஸ் வாசல் பெஞ்சில உக்காந்துதான் எழுதறேன்.

உன் பழைய நூல் சேலை ஒண்ணு அனுப்பு, இடுப்புல சுத்திக்கறேன். துவைக்காம அனுப்பு.

உள்ள போய் உள்ளதைச் சொல்லணும். இப்படிச் சொல்லிப் பழக்கமில்ல, முதல்ல உன்கிட்டயே சொல்லிப் பாக்கறேன். புள்ள, நான் நல்லா இல்ல. புரண்டு படுக்க முடியல. செருப்புகூட டிரைவரண்ணன்தான் மாட்டிவிடறார். இரு, கூப்பிடறாங்க, எந்திரிக்கவே எனக்கு