ஜெர்மனி அம்மாவுக்கு முதல் பரிசு

ஸ்ரீரங்கம்,
கார்த்திகை, திங்கட்கிழமை.

அன்பு மகள் தேவதர்ஷினிக்கு, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள நிலம் முழுவதையும் வாயாலேயே ஆண்டு வருபவனும், காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டியில் முப்பத்தோரு வருஷம் ஏலம் கூவி ஓய்ந்தவனுமாகிய உன் சித்தப்பா மருதை எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தி அமிர்தமும் உன் மகள் மதியும் உடம்புக்குச் சௌக்கியம். அங்கே ஜெர்மனியில், அந்த லைப்சிக் குளிரில் உன் காதும் மூக்கும் விரல் பத்தும் அதது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றனவா, முதியோர் இல்லத்தில் நைட் டியூட்டி குறைந்ததா என்று அறிய ஆசை. போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் பேப்பரைத் தூக்கினான் என்று நீ யோசிப்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்ததும் என் வாய் தானாக அளக்க ஆரம்பித்துவிடுகிறது. பேனாவுக்குக் கொஞ்சம் வெட்கம் இருக்கிறது, அதனால்தான்.

நேற்று தென்னூரில் நடக்கிற இலக்கியத் திருவிழாவுக்கு மதியைக் கூட்டிக்கொண்டு போனோம். ஒன்றாம் நம்பர் பஸ் காவிரிப் பாலம் தாண்டும்போதே தூறல். மைதானத்தில் பெரியவர்களுக்கு ஒரு பந்தல், அங்கே மைக்கைப் பிடித்தவர்கள் பேசிய பேச்சில் பந்தல் கால்களே தூங்கி வழிந்தன. பக்கத்தில் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கென்று தனிப் பந்தல், அதில் பத்தாயிரம் பேர், முக்கொம்பில் மதகு திறந்துவிட்ட மாதிரி பிள்ளைகள். தரையில் பாண்டிக் கட்டம் போட்டு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எழுத்து, எந்த எழுத்தில் கால் வைக்கிறோமோ அதில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உன் சித்தி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதித்து நேராக ‘ஔ’வில் போய் இறங்கினாள். ஔ, ஔ என்று அவள் திணறுவதைப் பார்த்து யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். மதிதான் ஔடதம் என்று கத்திக் காப்பாற்றினாள். அப்புறம் பழைய பேப்பரில் முகமூடி செய்கிற மேசை, நான் செய்த சிங்கம் தூறலில் நனைந்து நம்ம ரேஷன் கடைக்காரர் முகமாக மாறிவிட்டது. பாயில் உட்கார்ந்து வீட்டுக்கு ஒரு புத்தகமாக ஆளுக்கொரு வரி சத்தமாகப் படிக்கிற இடமும் இருந்தது. அங்கே மற்ற வீடுகளில் அப்பா ஒரு வரி, அம்மா ஒரு வரி, பிள்ளை ஒரு வரி. எங்கள் பாயில் மதி தன் வரியைப் படித்ததும் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, போதும் தாத்தா வேற இடம் போலாம் என்று எழுந்துவிட்டாள். அந்தப் பார்வையை நான் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை, இந்தச் சிங்க முகமூடிக் கிறுக்கில் இருந்தேன்.

கடைசியாகக் கதை மேடை. ‘எங்கள் வீட்டு ஆள்’ என்று தலைப்பு, பிள்ளைகள் வீட்டில் உள்ள ஒருத்தரைப் பற்றி மூன்று நிமிஷம் சொல்ல வேண்டும். நிஜக் கதை சொல்கிறவர்களுக்குக் கழுத்தில் பச்சை அட்டை, கற்பனைக் கதை சொல்கிறவர்களுக்கு மஞ்சள் அட்டை, இரண்டு வரிசை. நான் சுண்டல் வாங்கப் போய்விட்டுத் திரும்பினால் மதி மஞ்சள் அட்டையோடு நிற்கிறாள். சரி, நம்ம ரத்தம், என்னைப் பற்றித்தான் நாலு அளப்பு அளக்கப் போகிறாள் என்று மீசையைத் தடவிக்கொண்டு முன் நாற்காலியில் உட்கார்ந்தேன். அட்டை கொடுத்துக்கொண்டிருந்த ஷாஜியா டீச்சர் என்னிடம் வந்து, ஐயா உங்க பேத்திதானே, யாரைப் பத்திம்மா சொல்லப் போறேன்னு கேட்டேன், எங்க அம்மாவைப் பத்தின்னா, அப்ப நீ பச்சை வரிசையில நிக்கணும் கண்ணுன்னு சொன்னேன், அதுக்கு அவ, இல்ல மிஸ், இது எங்க தாத்தா சொல்ற கதை, தாத்தா எல்லாமே அளப்பாரு, இந்த அம்மா நிஜமில்லன்னு சொல்லிட்டு மஞ்சளை வாங்கிட்டுப் போயிட்டா, வீட்டுல ஏதாவது, என்று இழுத்தார். சுண்டல் பொட்டலத்தை மடியில் வைத்தது தெரியும், அதை அப்புறம் தின்றேனா கொட்டினேனா தெரியாது.

மதி மேடையில் ஏறி அழகாகக் கும்பிட்டாள். ஒரு தடுமாற்றம் இல்லை. ஜெர்மனியில் ஒரு அம்மா இருக்காங்க, ஒரே கையில நூறு தாத்தாக்களைத் தூக்கிக் குளிப்பாட்டுவாங்க. அந்த ஊர்ச் சூரியனுக்குத் தினம் காய்ச்சல், அவங்கதான் ராத்திரி முழுக்க அதுக்கு ஒத்தடம் கொடுக்கறாங்க, அதனால பகல்ல தூங்கிடுவாங்க, போன் பண்ண மாட்டாங்க. பண்ணாலும் அவங்க பேச்சு வர்ற வழியில பனியில உறைஞ்சு கட்டியாயிடும், அதான் போன்ல படம் அப்படியே நின்னுடுது. ஊருக்கு வரலாம்னா அந்த ஊர் ராஜா பாஸ்போர்ட்டைப் பிடுங்கி ஏழு மதில் வெச்ச பீரோவுல பூட்டிட்டாரு, ஆறாவது மதில் வரைக்கும் அவங்க திறந்துட்டாங்க, ஏழாவதுக்குச் சாவி இல்ல. ஒவ்வொன்றும் நான் சொன்னது மகளே. நீ கூப்பிடாத ஒவ்வொரு நாளும் அவள் கேட்டபோது, வருகிறேன் என்ற உன் தேதி தள்ளிப்போன ஒவ்வொரு தடவையும், அழாமல் இருக்கட்டும் என்று நான் கட்டிக் கொடுத்த பொட்டலங்கள். எல்லாவற்றையும் பிரிக்காமல் எடுத்து வைத்திருந்து அங்கே வரிசையாக அடுக்கினாள். சனம் சிரித்துச் சிரித்துக் கை தட்டியது. கடைசியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இந்த மாதிரி அம்மா எங்கயும் இல்ல, ஆனா ரொம்ப நல்ல அம்மா, நன்றி வணக்கம் என்று இறங்கினாள். உன் சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதல் பரிசு அவளுக்குத்தான். சான்றிதழை இதோடு வைத்திருக்கிறேன், பார். ‘கற்பனைக் கதை, முதல் பரிசு, செல்வி அறிவுமதி, தலைப்பு: ஜெர்மனி அம்மா’ என்று ஒருவர் முத்து முத்தாக எழுதியிருக்கிறார். என் ஏலத்துக்கு வாழ்நாளில் விழுந்த பெரிய கைதட்டு அதுதான். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

பஸ்ஸில் வரும்போது மடியில் உட்கார வைத்துச் சொன்னேன், கண்ணு, அம்மா நிஜம்டி, நம்ம வீட்டுல பொறந்து வளர்ந்தவ, இந்த ஒன்றாம் நம்பர் பஸ்ஸுலதான் காலேஜுக்குப் போனா என்று. போங்க தாத்தா, மறுபடியும் அளக்காதீங்க என்று என் தொடையில் கிள்ளினாள். சத்தியம் பண்ணினேன், சிரித்தாள். போட்டோவைக் காட்டினேன், இது போன்ல வர்ற அக்கா என்றாள். அமிர்தம் சொன்னால் நம்புவாள் என்று பார்த்தால், பாட்டியும் உங்களோட சேர்ந்துட்டாங்களா என்கிறாள். பத்துச் சீப்பு வாழைத்தாரை இருபது சீப்பாக்கி விற்ற வாய் இது, ஒரே ஒரு நிஜத்தை ஒரு ஆறு வயசுப் பிள்ளையிடம் விற்க முடியவில்லை. ஜெயக்குமார் மாப்பிள்ளை தவறியபோது அவளுக்கு இரண்டு வயசு, அப்பா முகம் ஞாபகம் இல்லை. நீ விமானம் ஏறியபோது நாலு. இப்போது அம்மாவும் அதே பக்கம் போய்க்கொண்டிருக்கிறாள், அவளை அங்கே தள்ளிவிட்டவன் நான்தான்.

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இரண்டு நாளாகக் காகிதம் கிழிகிறது, இல்லை, நேற்று ராத்திரியிலிருந்துதான். உனக்கும் நான் அளந்திருக்கிறேன். மதி நாள் முழுக்க உன் பெயரையே சொல்கிறாள், உன் போட்டோவுக்கு முத்தம் கொடுக்காமல் ஸ்கூலுக்குப் போவதில்லை, நீ வரும் நாளை விரல் விட்டு எண்ணுகிறாள் என்று வாராவாரம் சொன்னேனே, அதில் ஒன்றும் இல்லை. நீ அங்கே தனியாக இருந்து மனசு விட்டுவிடுவாயோ என்று பயந்து சொன்னது. ஆடி மாசத்திலிருந்து அவள் உன்னைக் கேட்பதையே விட்டுவிட்டாள். டவர் கிடைக்கவில்லை, அதனால் மதி பேச முடியவில்லை என்றேனே, டவர் நம்ம வீட்டு மாடிக்கு எதிரிலேயே நிற்கிறது. அவள்தான் வரமாட்டேன் என்று அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். நான் அவளுக்குக் காட்டியது ஒரு கற்பனை அம்மா, உனக்குக் காட்டியது ஒரு கற்பனை மகள். நிஜமான மதி எப்படி இருக்கிறாள் என்றால், முன் பல் இரண்டு விழுந்துவிட்டது. முருங்கைக்காயைக் கண்டால் ஓடுவாள். ‘ழ’ நன்றாக வருகிறது, கணக்கு வரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பித்தான் தூங்குகிறாள், திருப்பிப் படுக்க வைத்தாலும் மறுபடி சுவரைப் பார்த்துக்கொள்கிறாள். ஸ்கூலில் அம்மா பெயர் கேட்டால் சொல்கிறாள், நோட்டில் எழுதியிருப்பதைச் சொல்கிற மாதிரி.

மேலே பத்தாயிரம் பேர் என்று எழுதியதை இருநூறு என்று படித்துக்கொள். நிலப்பரப்பை ஆள்வதையும் எடுத்துவிடு, வீட்டு வாடகைக்கே ஹவுஸ் ஓனரிடம் கைகட்டி நிற்கிறேன்.

தைக்கு வருகிறேன் என்றாய். போன வாரம் கூப்பிட்டு, லீவு கிடைக்கவில்லை, பெரிய வீடு பார்த்தபிறகு ஆனியில் வந்து அவளையும் கையோடு கூட்டிப்போகிறேன் என்றாய். நான் பெருந்தன்மையாக, மகாராணி சௌகரியம் போல் எழுந்தருளுங்கள், இளவரசி ஏழு ஜென்மம் காத்திருப்பாள் என்று அளந்தேன். அந்த வார்த்தையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அவள் காத்திருக்கவில்லை மகளே. காத்திருக்கிற பிள்ளையாக இருந்தால் ஆனி வரைக்கும் சமாளிக்கலாம். உன்மேல் தப்பு சொல்லவில்லை. உன் அப்பன், என் அண்ணன், இருந்திருந்தாலும் நீ போனதைச் சரி என்றுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் தைக்கே வா. பத்து நாள் வந்தால் போதும், ஒரு வாரம் என்றாலும் போதும்.

இவ்வளவு எழுதும்போது ஸ்கூல் வேன் வந்துவிட்டது. பையைப் போட்டுவிட்டு, யாருக்குத் தாத்தா எழுதறீங்க என்றாள். உங்கம்மாவுக்கு என்றேன். கவரைத் தூக்கி உன் விலாசத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள், கடைசியில் ஸ்ட்ராசே என்று முடிகிற அந்தத் தெருப் பெயரை மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். இந்த ஊரையும் நீங்களே உண்டாக்கினீங்களா என்றாள். இல்லம்மா, நிஜம் என்றேன். கவரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, போஸ்ட் ஆபீஸ்ல அளப்பு விலாசத்தை வாங்குவாங்களா என்று கேட்டாள். வாங்க மாட்டார்கள் என்றேன். அப்ப நானும் வரேன், அவங்க சீல் குத்தறாங்களான்னு பார்க்கணும் என்றாள். நாளைக்கு ஸ்கூலுக்கு அரைநாள் மட்டம், இரண்டு பேரும் போகிறோம். சீல் குத்திட்டா அங்க அம்மா இருக்காங்கன்னு நம்புவியா என்று கேட்டேன். அதெப்படி, பதில் வந்தாத்தானே என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

அதனால் பதில் போனில் வேண்டாம் தர்ஷினி. உன் கையால் பேப்பரில் எழுது, அந்த ஊர் ஸ்டாம்ப் ஒட்டி, கவரில் மதி பெயரைப் போட்டு. அன்பே ஆருயிரே என்றெல்லாம் எழுதாதே, அதெல்லாம் என் சரக்கு என்று கண்டுபிடித்துவிடுவாள். வேலைக்கு எந்த நம்பர் பஸ்ஸில் போகிறாய், மதியம் டப்பாவில் என்ன எடுத்துப்போகிறாய், நீ பார்த்துக்கொள்கிற கிழவர்களில் யார் உன்னைத் திட்டுகிறார், உன் அறைக்கு எத்தனை படி, அதை எழுது. சின்னதாக எழுது, சாதாரணமாக எழுது. உனக்கு எந்தப் பல் முதலில் விழுந்தது என்றும் எழுது, உன் சித்தி சொல்கிறாள் அது கீழ்ப் பல்லாம்.

உன் சித்தி உன்னைக் குளிரில் தலைக்குக் குளிக்காதே என்று சொல்லச் சொன்னாள், சாப்பாட்டை விடாதே என்றும். கையில் எடுத்த காரியம் நல்லபடி முடிந்து, கண் கலங்காமல், நோய் நொடி அண்டாமல் நீ இருக்க ரங்கநாதரை வேண்டிக்கொள்கிறோம். ஸ்டாம்பை நன்றாக ஒட்டு, மழையில் நனைந்து உரிந்துவிடப் போகிறது, அதை அவள் உரித்துப் பார்ப்பாள்.

பச்சை அட்டை போட்டுக்கொண்டு எழுதிய,
உன் சித்தப்பா
வா. மருதை