புகார் சொல்லாத வாடிக்கையாளர்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் கடிதம் கிடைத்தது. உன் மனைவியை வேலையை விடச் சொல்லும்படி என்னிடம் கேட்டிருக்கிறாய். அதை அவளிடமே சொல்ல உனக்குத் தைரியமில்லை என்று புரிகிறது. எனக்கும் இல்லை.

இன்டர்நெட் கம்பெனிக்கு வரும் புகார்களை அவள் நம் முன்னறையில் உட்கார்ந்துதான் கேட்கிறாள். நாள் முழுக்கத் திட்டு வாங்கியும் குரலில் ஒரு சுருக்கம் விழுவதில்லை. உன் அப்பாவோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய எனக்கே அந்த வித்தை கைவரவில்லை.

அவளுடைய ஆபீஸ் பாஷை வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அப்பா டீக்காகக் கத்தினால், "டிக்கெட் போட்டாச்சு மாமா" என்கிறாள். அதாவது, புகார் பதிவாகிவிட்டது; டீ வரும், எப்போது என்று கேட்கக் கூடாது. அதற்கும் மேல் கத்தினால் 'எஸ்கலேஷன்', விவகாரம் மேலிடத்துக்குப் போகும். மேலிடம் நான் என்பதால் அவர் அடங்கிவிடுகிறார்.

போன வாரம் கீழ்வீட்டுக்காரர், நம் குளியலறைத் தண்ணீர் தன் வீட்டில் ஒழுகுகிறது என்று குதித்துக்கொண்டு வந்தார். "உங்க இடத்துல நானா இருந்தாலும் கோபம் வரும் சார்" என்றவள், அவர் எதிரிலேயே பிளம்பரைக் கூப்பிட்டுப் பேசினாள். மனிதர் நன்றி சொல்லிவிட்டு இறங்கினார். சண்டை போட வந்தது பாதிப் படியில்தான் நினைவுக்கு வந்ததாம். அவர் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கத்துகிறவர்களை எப்படித் தாங்குகிறாய் என்று அவளைக் கேட்டேன். "கத்துறவங்களால பயமே இல்ல அத்தை. சரியாகும்னு நம்புறதாலதான் கத்துறாங்க. ஒண்ணுமே சொல்லாம இருக்காங்க பாருங்க, அவங்கதான் திடீர்னு ஒருநாள் வேற கம்பெனிக்குப் போயிடுவாங்க. 'சைலண்ட் கஸ்டமர்'னு அவங்களுக்குப் பேரு" என்றாள்.

முன்பெல்லாம் நீ ஃபோன் செய்யாத நாளில், "உங்க பையனுக்கு விரல் தேஞ்சுபோச்சா அத்தை?" என்று என்னிடம் வந்து உன்னைக் கிழிப்பாள். இப்போது கொஞ்ச காலமாக உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை இல்லை. நேற்று நானே கிளறிப் பார்த்தேன். "அவர் மேல எனக்கு ஒரு புகாரும் இல்ல அத்தை" என்று சிரித்துவிட்டு எழுந்து போனாள்.

வேலையை விடும்படி நான் சொல்லப்போவதில்லை. நீ அவளைக் கூப்பிடு. இந்தக் கடிதத்தை மடித்து வைப்பதற்கு முன் கூப்பிடு. அவள் திட்டினால் கடைசிவரை கேட்டுக்கொள், கண்ணா. திட்ட வேண்டுமே என்றுதான் நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் இருவரும் சேர்ந்து நன்றாக இருக்க விரும்பும்,
அம்மா