வெள்ளிக்கிழமை பாஸ்வேர்டு

சென்னை
9.1.2008

அன்புள்ள அண்ணனுக்கு, சாதியாவின் ஸலாம்.

போனிலேயே சொல்லலாம். ஆனால் உங்கள் கடை போனில் பேசினால் கம்பம் முழுக்கக் கேட்கும்.

கணினிப் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கு மத்திய அரசு நிதி தருகிறது. எங்கள் கல்லூரியிலிருந்து நான் விண்ணப்பித்து முதல் சுற்றைத் தாண்டிவிட்டேன், அல்ஹம்துலில்லாஹ். தில்லிக் குழுவில் ஒருவர் மட்டும், "எல்லாம் புத்தகத்தில் இருப்பது. நிஜ மனிதர்கள் எங்கே தவறுகிறார்கள் என்று பார்த்தீர்களா?" என்று கேட்டார். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஏலக்காயைக் கூவி விற்றது போய் இப்போது நீங்கள் கம்ப்யூட்டரில்தானே விலை கேட்கிறீர்கள்? உங்கள் ஏல மையத்தில் பத்து நாள் உட்கார்ந்து பார்க்க அனுமதி வாங்கித் தாருங்கள். மே மாதம் இறுதிக் கூட்டம். இது கைநழுவினால் எங்கள் கல்லூரியில் ஆய்வகம் என்ற பேச்சே எழாது.

அன்புத் தங்கை,
சாதியா

கம்பம்
20.1.2008

அன்புத் தங்கச்சி சாதியாவுக்கு,

ஆறு மாதமாக ஒரு வரி இல்லை. காரியம் என்றதும் கடிதம் வருகிறது! போகட்டும், உன் அண்ணிக்கு அதுவே பூரிப்பு.

மையத்தில் கேட்டுவிட்டேன். "தங்கச்சி வந்து என்ன செய்யப் போறாக?" என்றார்கள். "நம்ம முழிக்கிறதப் பாத்து எழுதப் போறாக" என்றேன். சிரித்துவிட்டுச் சரி என்றார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே என் பக்கத்து சீட்டில் அழகர் என்று ஒருவன் இருக்கிறான். இருபது வருடச் சேக்காளி. போன கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆ தொழுகைக்குப் போன நேரம், என் பெயரில் ஒரு லாட் சரக்கு எடுக்கச் சொன்னால் இரண்டு எடுத்து வைத்திருக்கிறான். "நான் ஒண்ணுதாம்லே எடுத்தேன்" என்று சாதிக்கிறான். அன்றோடு பேச்சு நின்றது. அவன் செய்ததை உன் ஆராய்ச்சியில் எழுது. தில்லி வரைக்கும் தெரியட்டும்.

அண்ணன்,
சம்சுதீன்

சென்னை
2.4.2008

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்து நாளும் அண்ணி கட்டிக்கொடுத்த சோற்றுக்கே நான் காலத்துக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

நாங்கள் திருடனைப் பிடிக்கவே படித்தவர்கள். உங்கள் மையத்தில் திருடனே இல்லை. நீங்கள் தொழப் போனால் உங்கள் பாஸ்வேர்டு பக்கத்து சீட்டுக்காரரிடம். அவர் குலசாமி கும்பிடப் போனால் அவருடையது உங்களிடம். பாஸ்வேர்டைச் சொல்லாமல் போனால்தான் அங்கே மரியாதைக் குறைவு.

கார்த்திகை வெள்ளிக்கிழமைப் பதிவைக் காட்டினார்கள். உங்கள் பாஸ்வேர்டில் வாங்கிய இரண்டில் ஒரு லாட் அழகர் அண்ணன் கம்ப்யூட்டரில் எடுத்தது. மற்றது கடைசி வரிசையில், பாண்டியராஜன் என்ற வியாபாரியுடையதில். அவரைக் கேட்டேன். "ஆமா, வாசல்ல செருப்பத் தேடிக்கிட்டே ஒங்கண்ணன்தான் எங்கிட்ட ஒரு லாட் எடுக்கச் சொல்லி பாஸ்வேர்டும் குடுத்துட்டுப் போனாக" என்றார். மறுநாளே கொச்சிக்குப் போய் மாசியில்தான் திரும்பினாராம். சண்டை நடந்ததே அவருக்குத் தெரியாது.

அழகர் அண்ணன் பொய் சொல்லவில்லை. இதை எழுதக் கை வரவில்லை, அண்ணா.

இந்தச் சம்பவம் இருந்தால்தான் என் திட்டத்துக்கு உயிர். ஆனால் பெயரை மறைத்தாலும் மையத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சம்மதப் படிவம் ஒன்று வைத்திருக்கிறேன். வேண்டாம் என்றால் கிழித்துவிடுங்கள். "பொம்பளப் பிள்ளைக்கு இன்ஜினியரிங் எதுக்கு" என்று நம் அத்தா சொன்னபோது, "அவ படிக்கட்டும்" என்று குறுக்கே நின்றவர் நீங்கள். அந்த நன்றியைவிட எனக்கு இந்த நிதி பெரிதில்லை.

சாதியா

கம்பம்
19.4.2008

தங்கச்சி சாதியாவுக்கு,

படித்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கோவம் தங்கச்சி மேலயா, ஒங்க மேலயா?" என்றாள் உன் அண்ணி.

திங்கட்கிழமை ஏலம் தொடங்குமுன் எழுந்து நின்றேன். "அழகர் மேல தப்பில்ல. நான்தான் ரெண்டு பேருகிட்டச் சொல்லிட்டு மறந்து தொலைச்சேன்" என்றேன். அழகர் தலையே நிமிரவில்லை.

டீக்கு எழுந்தபோது பக்கத்தில் வந்தான். "ஏலே மாப்ளே, வெள்ளிக்கெழமையானா ஒனக்கு வெல கேக்க ஆளில்லாம ஒன் சீட்டு சும்மா கெடந்துச்சு. எனக்குப் பாக்கவே சங்கடமா இருந்துச்சு" என்றான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பெயரை மறைக்காதே. சாட்சிக் கையெழுத்து அழகருடையது. அவன் ஒன்று கேட்கச் சொன்னான். பாஸ்வேர்டைக் கொடுக்காமலே ஒருத்தனுக்காக இன்னொருத்தன் விலை கேட்க வழி உண்டா? அதைக் கண்டுபிடி. "யாருக்கும் கொடுக்காதீர்கள்" என்று அட்டை எழுதி மாட்டினால் இங்கன ஒருத்தரும் கேட்க மாட்டோம்.

சம்சுதீன்

சென்னை
6.6.2008

அன்புள்ள அண்ணனுக்கு,

மூன்று வருடத்துக்கு நிதி கிடைத்துவிட்டது, அண்ணா! ஆணை என் மேஜைமேல் இருக்கிறது. காலையிலிருந்து நாலு தடவை படித்துவிட்டேன்.

கூட்டத்தில், முதல் சுற்றில் என்னை மடக்கிய அதே மனிதர் உங்கள் படிவத்தைப் புரட்டி, "இந்தச் சாட்சி யார்?" என்று கேட்டார். "என் அண்ணன் வீண்பழி சுமத்திய அதே நண்பர்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படிவத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். அழகர் அண்ணன் கேட்டதுதான் எங்கள் முதல் வருட வேலை என்று அவரிடம் சொல்லுங்கள்.

அரசாங்கத்துக்கு முறைப்படி நன்றிக் கடிதம் அனுப்பிவிட்டேன், நாலு வரி. உங்களுக்கு எழுத உட்கார்ந்தால் ஒரு வரியும் போதவில்லை. நன்றி, அண்ணா. நீங்கள் எழுந்து நின்ற அந்த நேரத்தில் நான் அந்த ஹாலில் இல்லையே, அது ஒன்றுதான் எனக்குக் குறை.

உங்கள் தங்கை,
சாதியா