மாட்டுக்கொட்டகைச் சுவரில் ஒரு குடை

பாய்,

போன வாரம் மாட்டுக்கொட்டகையில் வேலைக்கு ஆள் விட்டேன். மாடுகள் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது, கூரையும் உட்கார்ந்துவிட்டது. தெருப்பக்கச் சுவர் மட்டும் கெட்டியாக நிற்கிறது, அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசிக்கொள்ளலாம் என்று மகன் சொன்னான். கொத்தனார் சுரண்டச் சுரண்டச் சுண்ணாம்பு அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து விழுந்தது. பொங்கலுக்குப் பொங்கல் அடித்த சுண்ணாம்பு, ஒன்றின்மேல் ஒன்றாக. நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவருக்கு வேலை சொல்லிக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவர் கையை நிறுத்தினார்.

"பெரியவரே, இங்க இன்னாவோ படம் கீது. குடை மாதிரி கீது. எலெக்சன்ல நின்னீங்களாமே, உங்க சின்னமா?"

எழுந்துபோய்ப் பார்த்தேன். துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து உங்கள் கையால் நீங்கள் வரைந்த குடைதான். ஒரு பக்கம் கம்பி அதிகம், மறுபக்கம் குறைவு. கீழே உங்கள் பெயரில் பாதி இருந்தது, மீதி கொத்தனாரின் காலடியில் கிடந்தது. "வெயில் ஏறிப்போச்சு, போய் நாஷ்டா பண்ணிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டேன். அப்போதுதான் வெயிலே வந்திருந்தது.

நீங்கள் வரைந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தக் காலத்தில் சுவர்தான் தேர்தல். தேதி வருவதற்கு முன்பே இரண்டு கட்சிக்காரர்களும் ஊரில் இருக்கிற எல்லாச் சுவரிலும் ஓரத்தில் கோடு இழுத்து 'ரிசர்வ்' என்று எழுதிவிடுவோம். பஞ்சாயத்துப் பிரசிடெண்ட் தேர்தலுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது என்று பேர். யார் எந்தக் கட்சி என்பது ஊரில் ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். எனக்குப் பூட்டு, எதிர்க்கட்சி மில்காரருக்குத் தராசு. மூன்றாவதாக, எந்தக் கட்சியும் இல்லாமல், வாலாஜாபாத்திலிருந்து சோடா மிஷினோடு வந்து நம் ஊரில் கடை போட்ட நீங்கள், குடையோடு வந்து நின்றீர்கள்.

"நைனா, எனக்கு ஒரு செவுரு குடேன்" என்றீர்கள்.

"எனக்கே எதிரா நிக்க, என் செவுரேவா பாய்?"

"உன் வூட்டு செவுரு வாணாம். மாடு கட்ற செவுரு போதும்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உங்களுக்கு யார் ஓட்டுப் போடப்போகிறார்கள் என்கிற நினைப்பு எனக்கு. சுண்ணாம்பு கலக்கிக் கொடுத்ததும் நான்தான். நீங்கள் என்னைவிடப் பத்து வயது பெரியவர், ஏணியில் ஏறி நின்று குடை வரைகிறீர்கள், நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு "பிடி கோணலா கீது பாய்" என்று கிண்டல் செய்கிறேன். அந்த மத்தியானத்தை நான் எத்தனையோ பேரிடம் எப்படியெல்லாமோ திரித்துச் சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடி இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் ஏன் நின்றீர்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் தெற்குத் தெருவுக்குப் போகிற பாதை தண்ணீருக்குள் போய்விடும். அங்கிருந்து பிள்ளைகள் பள்ளிக்கூடத் துணியைச் சுருட்டித் தலைமேல் வைத்துக்கொண்டு இடுப்புத் தண்ணீரில் வருவார்கள். அவர்களோடு சோடா வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற ஒரே ஆள் நீங்கள். "ரெண்டு கட்சியும் பாலம் கட்றேன் பாலம் கட்றேன்னு சொல்லிக்கினே கீறீங்க. ஒருத்தனும் அந்தத் தண்ணியில கால வெச்சதில்ல" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னீர்கள். தெற்குத் தெருக்காரர்கள் கூலி வேலைக்குப் போகிறவர்கள், பாதிப்பேர் மில்காரரிடம்தான் வேலை செய்தார்கள். அவர்கள் ஓட்டு மொத்தமும் தேர்தலுக்குத் தேர்தல் தராசுக்குத்தான் விழும். அதனால்தான் எங்கள் கட்சி நம் ஊரில் ஜெயித்ததே இல்லை.

அந்த முறை தெற்குத் தெருவில் பாதிப்பேர் குடையில் குத்திவிட்டார்கள். எங்கள் கட்சிக்கு எப்போதும் விழுகிற மேலத்தெரு ஓட்டை மட்டும் வைத்துக்கொண்டு நான் ஜெயித்துவிட்டேன். உங்களுக்கு விழுந்ததில் கால்வாசி தராசுக்குப் போயிருந்தால் நான் வீட்டுக்குப் போயிருப்பேன். ஓட்டு எண்ணி முடித்ததும் நீங்கள்தான் முதலில் வந்து என் கையைப் பிடித்தீர்கள். "நீ ஜெயிச்சிட்ட நைனா. பாலத்தக் கட்டிரு" என்றீர்கள். அவ்வளவுதான் நமக்குள் நடந்தது.

பிறகு உத்திரமேரூரில் எங்கள் கட்சி ஜெயித்தவர்களுக்கெல்லாம் பாராட்டுக் கூட்டம் வைத்தது. வழக்கம்போல் அந்த ஊர்க் குடவோலைக் கல்வெட்டில் ஆரம்பித்து எங்கெங்கோ போய்ப் பேசி முடித்தார்கள். கூட்டம் கலைந்ததும் எங்கள் ஒன்றியச் செயலாளர் என் தோளில் கை போட்டார். அதுவரை அந்தக் கட்சியில் நான் பந்தலுக்குக் கொம்பு கொடுக்கிற ஆள், என் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

"தெற்குத் தெரு ஓட்ட எப்டிய்யா ஒடைச்ச? இத்தினி வருசமா எங்களால முடியலயே!"

பக்கத்தில் நின்ற ஒருவர் எனக்காகப் பதில் சொன்னார். "பாய நிக்க வெச்சதே இவருதாண்ணே. செவுரு குடுத்து, சுண்ணாம்பும் கலக்கிக் குடுத்திருக்காரு. பலே ஆளு!"

"இல்லண்ணே, அவரு தானா நின்னாரு" என்று சொல்ல ஒரு மூச்சு போதும் பாய். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாழ்க்கையில் அதற்கு முன் யாரும் என்னை மூளைக்காரன் என்று சொன்னதில்லை. நான் சிரித்தேன். "அதெல்லாம் வெளிய சொல்ற விசயமாண்ணே" என்றேன்.

எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். செயலாளர் அன்று என்னைத் தன் காரில் ஏற்றி ஊரில் கொண்டுவந்து விட்டார்.

செய்யாத சூழ்ச்சியைச் செய்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அடுத்த முறை சொல்லும்போது கதையில் ஒரு டீக்கடை வந்தது, அங்கே உங்களை உட்காரவைத்து நான் பேசினேனாம். அதற்கடுத்த முறை, முதலில் நீங்கள் மறுத்தீர்களாம், நான் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து மசியவைத்தேனாம். கேட்கிறவர்கள் முகத்தில் வருகிற ஆச்சரியத்துக்காக நானே சேர்த்துக்கொண்டு போனேன். அது ஊருக்குத் திரும்பி வரும் என்று யோசிக்கவில்லை. யோசித்தேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை என்பதுதான் சரி.

வந்தது. தெற்குத் தெருவில் வயிறு பொருமினால்கூட உங்கள் சோடாவை வாங்குவதை நிறுத்தினார்கள். நீங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால், "குடைய எத்தினிக்கு வித்த பாய்?" என்று கேட்டார்கள். உங்களை நம்பி மில்காரரைப் பகைத்துக்கொண்டு ஓட்டுப் போட்டவர்கள் அவர்கள். அவர்களுக்கு வந்த கோபத்தில் தப்பே கிடையாது.

அறுப்புக் காலத்தில் ஒருநாள் நீங்கள் என் களத்துக்கு வந்தீர்கள். ஆட்கள் எல்லோரும் போகிறவரை வைக்கோல் போர் ஓரமாகவே நின்றீர்கள்.

"நைனா, உன்கிட்ட நான் எதுனா வாங்கினனா?"

"இன்னா பாய் இப்டி கேக்கறீங்க? இல்ல."

"அத்த தெற்குத் தெருவுல வந்து ஒரு வாட்டி சொல்லிடு. வேற ஒண்ணும் வாணாம் எனக்கு."

"சொல்றேன் பாய். திருவிழா முடியட்டும்."

திருவிழா முடிந்தது. பிறகு மழை வந்தது, பிறகு நடவு வந்தது. உண்மையைச் சொன்னால் செயலாளர் முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் எனக்கு இருந்த ஒரே கவலை. மூளையால் ஜெயித்தவன் என்ற பேர் போய், குருட்டாம்போக்கில் ஜெயித்தவன் என்று ஆகிவிடுமே என்று பயந்தேன். உங்கள் பேர் போவதை அதோடு நிறுத்துப்பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் இரண்டாவது முறை கேட்கவில்லை. அதற்குப்பின் என்னை நைனா என்றும் கூப்பிடவில்லை. கடைப்பக்கம் வந்தால், "வாங்க பிரசிடெண்டு" என்று எழுந்து நிற்பீர்கள். நீங்கள் எழுந்து நிற்பதைப் பார்க்க முடியாமல் நான் அந்தப் பக்கம் வருவதையே விட்டேன்.

நீங்கள் ஊரைக் காலிசெய்த அன்று நான் பஞ்சாயத்து ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். மிஷினும் பெட்டிகளும் ஏற்றிய மாட்டுவண்டி ஜன்னல் பக்கமாகப் போனது. காலி பாட்டில்களுக்குள் கோலிகள் உருளுகிற சத்தம் ரோட்டு முனைவரை கேட்டது. எழுந்து வெளியே வந்திருக்கலாம். கையெழுத்துப் போடுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

பாலம் கட்டினேன், பாய். அதில் மட்டும் குறை வைக்கவில்லை. திறப்பு விழாவுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த சோடா வேறு யாரோ போட்டது. கல்லில் என் பெயர் இருக்கிறது.

நீங்கள் இறந்த செய்தி வந்து வாலாஜாபாத்துக்கு வந்தேன். வாசலில் பந்தல், ஜனம். உங்கள் மகன் என்னைக் கண்டுபிடித்து, கையைப் பிடித்து அழைத்துப்போய் உறவுக்காரர்களிடம் அறிமுகம் செய்தார். "இவருதான் எங்க அத்தாவ அப்போ எலெக்சன்ல நிக்க வெச்ச பிரசிடெண்டு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். நீங்கள் உள்ளே கிடத்தப்பட்டிருந்தீர்கள். அங்கேயும் என் வாய் திறக்கவில்லை.

குடை வெளியே வந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் கொத்தனாரிடம் போய், "அந்த இடத்தத் தொடாதீங்க. அது என் சின்னமில்ல, எனக்கு எதிரா நின்னவரு சின்னம்" என்றேன்.

"எதிரா நின்னவருக்கு உங்க செவுரா? நல்லா கீதே கத!" என்று சிரித்தார். ஊர் அன்றைக்கு ஏன் அவ்வளவு லேசாக நம்பியது என்று அவர் சிரிப்பில் எனக்குப் புரிந்தது. வாலாஜாபாத்துக்கு பஸ் ஏறினேன்.

உங்கள் மகன் கடையில் இருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, வேண்டாம் என்று சொல்லச்சொல்ல ஒரு சோடாவை உடைத்துக் கையில் கொடுத்தார். குடிக்காமலே சொல்லி முடித்தேன். "உங்க அத்தாவ நான் நிக்க வெக்கல தம்பி. அவரு தானா நின்னாரு. எங்கிட்ட ஒரு பைசா வாங்கல. நான்தான் பெருமைக்குப் பொய் சொல்லிக்கினு திரிஞ்சேன்."

அவர் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சொன்னது காதில் விழவில்லையோ என்று நினைத்தேன்.

"எங்கம்மா சாகற வரைக்கும் அத்தாவ கேட்டுக்கினே இருந்திச்சுங்க. அந்தப் பணத்த இன்னா பண்ண, எவளுக்குக் குடுத்தன்னு. ஒரு பெருநாள் பாக்கி இல்ல, சண்ட வராம. 'அப்டி ஒரு பணமே இல்ல'ன்னு அத்தா சொல்லும். எங்கம்மா நம்பல. நாங்களும் நம்பல."

எனக்கு இது தெரியாது பாய். ஊரில் உங்கள் பேர் கெட்டது தெரியும், வியாபாரம் போனது தெரியும். என் வாய் உங்கள் வீட்டுக்குள்ளே வந்து அத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. அவமானத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எங்கம்மா இருக்கசொல்ல வந்து சொல்லிருக்கலாமே, ஐயா" என்றார்.

சோடாவை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

ஊர் வந்து பஸ்ஸைவிட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. என் பெயர் பொறித்த பாலத்தின்மேல் நடந்து தெற்குத் தெருவுக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டி பக்கம் நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள், இரண்டு இளைஞர்கள் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் கேட்ட அதே தெரு. நடுவில் நின்று, பாய் என்னிடம் ஒன்றும் வாங்கவில்லை, அவர் உங்கள் பாலத்துக்காகத் தானாகத்தான் நின்றார் என்று சத்தமாகச் சொன்னேன்.

ஒரு பெண் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்தாள். கிழவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பாள் போல.

"எந்த பாய் தாத்தா?" என்று கேட்டாள்.

சொல்லிவிட்டேன், பாய். கேட்டவர்களில் உங்களுக்கு ஓட்டுப் போட்டவர் ஒருவரும் இல்லை.