மூன்றாம் மாடி அத்தை

ஜூன் 4

அடியே ஊமைக்கோட்டான்,

நீ போனை எடுக்க மாட்டாய் என்று தெரிந்துதான் காகிதத்தை எடுத்தேன். நாலு தடவை அடித்தேன். அதற்கப்புறம் 'அணைத்து வைக்கப்பட்டுள்ளது' என்றாள் ஒருத்தி. அவளோடாவது இரண்டு வார்த்தை பேசலாம் என்று பார்த்தால் அவளும் வைத்துவிட்டாள்.

ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எழுதிக்கொள்ளும் பைத்தியங்கள் நாம் இரண்டு பேராகத்தான் இருப்போம். ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தபோதே உனக்குச் சீட்டு எழுதித்தானே பதில் வாங்குவேன்.

வருகிற ஞாயிறு உன் வீட்டுக்கு வருகிறேன். பார்லரைத் திறக்கப் போவதில்லை. காலையிலேயே வந்து இருட்டும்வரை இருப்பேன். அம்மாவுக்கு வயிற்று வலி விட்டபாடில்லை, டாக்டர் என்னென்னவோ சொல்கிறார். உன்னிடம் கொட்டினால்தான் எனக்கு மூச்சு வரும். சாக்குப்போக்கு சொல்லாதே.

உன் வாயாடி


ஜூன் 7

வாயாடிக்கு,

கோபித்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில் இருப்பதில்லை. என் தூரத்து அத்தை பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். மூன்றாம் மாடி, பெண்கள் வார்டு. பக்கவாதம், பேச்சு இல்லை. என்னை விட்டால் அவருக்கு ஆளில்லை.

என் பிழைப்புதான் உனக்குத் தெரியுமே. மின்சார அலுவலகப் புகார் கவுண்டர். கண்ணாடியில் உள்ள ஓட்டை வழியாக ஊரே என்னைப் பார்த்துக் கத்தும், நான்தான் அவர்கள் வீட்டு ஃபியூஸைப் பிடுங்கியதுபோல. சனிக்கிழமை சாயங்காலம் யாராவது என்னிடம் மணி கேட்டால்கூட எனக்கு அழுகை வருகிறது. அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்தால்தான் அது அடங்கும். காலையில் நூல்கண்டுகளைப் பரப்பிக்கொண்டு துணியில் ஒரு மீன்கொத்தி தைக்கிறேன். மத்தியானம் தடியான நாவலைப் பிரித்தால் விளக்குப் போடும்வரை தலை நிமிர்வதில்லை. யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. அந்த ஒரு நாள் இருப்பதால்தான் திங்கட்கிழமை மறுபடி மனுஷியாகப் போய் உட்கார முடிகிறது.

அம்மாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

ஊமைக்கோட்டான்


ஜூன் 15

அழுத்தக்காரி,

உனக்கு அத்தை இருப்பதே இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது. பாவம், உனக்கும் எவ்வளவு பாரம். வந்தே தீருவேன் என்று குதித்ததற்கு என்னை நாலு சாத்து சாத்து.

அம்மாவையும் அதே ஆஸ்பத்திரியில்தான் சேர்த்திருக்கிறேன், கீழ்த் தளத்தில். கட்டியாம். வேறெதுவும் இப்போது எழுத வரவில்லை. பக்கத்தில் ஓர் ஆள் இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்கிறார்கள். நான் பார்லருக்கும் வார்டுக்குமாக ஓடுகிறேன். ஞாயிறு ஒரு பொழுது நீ அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால் நான் வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடலாம் என்று கேட்க நினைத்தேன். உனக்கே ஒரு நோயாளி இருக்கும்போது எந்த வாயால் கேட்பேன்? விடு, சமாளித்துக்கொள்கிறேன்.

ஒரு நாள் மேலே வந்து அத்தையைப் பார்க்கிறேன். ஆரஞ்சு சாப்பிடுவாரா?

வாயாடி


ஜூன் 19

வாயாடிக்கு,

அம்மா செய்தி கேட்டு மனசு என்னவோ போலிருக்கிறது. தைரியமாக இரு.

மேலே மட்டும் வராதே. தொற்று ஏதாவது வந்துவிடும் என்று அந்த வார்டில் நோயாளிக்கு ஒருவரைத்தான் விடுகிறார்கள். வாட்ச்மேன் பொல்லாதவன், முகத்தில் அடித்தாற்போல் பேசுவான். உனக்கு எதற்கு அந்த அவமானம்?

மீன்கொத்தியை முடித்துத் தலையணை உறையாக்கி அனுப்பியிருக்கிறேன். அத்தை கட்டிலோரம் உட்கார்ந்து தைத்தது. அம்மாவுக்குப் போடு.

ஊமைக்கோட்டான்


ஜூலை 1

ஊமைக்கோட்டானுக்கு,

உறை வந்தது. அம்மா மீன்கொத்தியின் மூக்கைத் தடவிக்கொண்டே இருக்கிறாள். நேற்று, "அந்த ஊமைப் பொண்ணு வரலையாடி? நீ பேசிப் பேசியே என்னைக் கொல்ற. அவ வந்தா சும்மா பக்கத்துல உக்காந்திருப்பா. எனக்கு அது போதும்" என்றாள். சிரித்துவிட்டேன். பிறகு வெளியே போய் அழுதேன்.

உன் அத்தை எப்படி இருக்கிறார்? ஜன்னலோரக் கட்டிலா? நர்ஸ் நல்லபடி கவனிக்கிறாளா? எல்லாவற்றையும் எழுது. மாடிப்படி அம்மா கட்டிலுக்கு எதிரில்தான் வந்து இறங்குகிறது. போகும்போதோ வரும்போதோ ஒரு கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போ. நான் வாயே திறக்க மாட்டேன், சத்தியம்.

எதுவாக இருந்தாலும் நீ என்னிடம் சொல்லலாம். அது உனக்குத் தெரியுமில்லையா?

வாயாடி


ஜூலை 9

வாயாடிக்கு,

ஜன்னலோரக் கட்டில்தான். கீழே தெருவும் பழக்கடையும் தெரியும். நர்ஸ் கண்ணாடி போட்டவள், சிடுமூஞ்சி, ஆனால் கை சுத்தம்.

இந்த ஞாயிறு கீழே வரலாம் என்று எழுந்தேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. எப்படி உதறிவிட்டு வருவேன், சொல். அடுத்த வாரம் கண்டிப்பாக வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

நாவல் கடைசிப் பாகத்துக்கு வந்துவிட்டது. முடித்ததும் உனக்குத் தருகிறேன், வார்டில் பொழுது போகும்.

ஊமைக்கோட்டான்


ஜூலை 18

நீ வருவாய் என்று அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பொய் என்று தெரிந்தேதான் படித்தேன்.

ஞாயிறு மத்தியானம் அம்மா போய்விட்டாள். எதிர்க் கடையில் மருந்து வாங்கப் போயிருந்தேன், பக்கத்தில் யாரும் இல்லை. திரும்பி வந்தபோது அடுத்த கட்டில்காரி சொன்னாள், "காலைலேர்ந்து அந்தப் படியவே பாத்துக்கிட்டிருந்தாங்கம்மா. மேலேர்ந்து யாராவது வரணுமா?"

அந்த ஆஸ்பத்திரிக்கு மூன்றாம் மாடி கிடையாது. 'மேலே வராதே' என்ற உன் கடிதம் வருவதற்கு முதல் நாளே ஆரஞ்சுப் பையோடு ஏறிவிட்டேன். இரண்டாம் மாடிக்கு மேல் மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டியும், காயப்போட்ட படுக்கை விரிப்புகளும்தான் இருந்தன. நீ அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்ததே இல்லை. கட்டிலைப் பற்றியும் நர்ஸைப் பற்றியும் கேட்டது ஏன் தெரியுமா? கேட்கக் கேட்க உனக்கே வெட்கம் வந்து உண்மையைச் சொல்லிவிடுவாய் என்றுதான். நீ நர்ஸுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டாய்.

உனக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? ஹாஸ்டலில் நீ கதை படிப்பதற்காகக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே படியில் உட்கார்ந்து, வருகிறவளையெல்லாம் "அவ தூங்குறா, அப்புறம் வாடி" என்று விரட்டிக்கொண்டிருந்தவள் யார்? 'வராதே, எனக்குப் படிக்க வேண்டும்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் வழக்கம்போலத் திட்டிவிட்டு, அடுத்த வாரம் உனக்கு இன்னொரு நாவல் வாங்கி அனுப்பியிருப்பேன். வேறு யாரையாவது நான் கூப்பிட்டிருக்க வேண்டும், அது என் தப்பு. அம்மா உன்னைத்தான் கேட்டாள்.

உறை அம்மாவோடு போய்விட்டது, திருப்பிக் கேட்காதே. அத்தையைச் சாகடிக்க வேண்டுமே என்று இனி நீ கவலைப்பட வேண்டாம். அவர் பாட்டுக்குப் படுத்திருக்கட்டும், யாரும் விசாரிக்கப் போவதில்லை.

இனி போன் அடிக்காது. கதவை யாரும் தட்ட மாட்டார்கள். கடிதமும் இதுதான் கடைசி. ஞாயிறு மட்டும் என்ன, ஏழு நாளும் உனக்கே.

நாவலை முடித்துவிடு.

இப்படிக்கு,
கீழ்த் தளத்து நோயாளியின் மகள்