எலுமிச்சை ஜூஸ் வண்டியை மொய்த்தவை என் பெட்டித் தேனீக்களே

அனுப்புநர்:
தேனீ வளர்க்கத் தொடங்கி ஏழு வாரம் ஆனவள்,
நான்காம் மாடி, தபால் அலுவலகத்துக்கு எதிர்க் கட்டடம்.

பெறுநர்:
சுகாதார ஆய்வாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: ஜூஸ் வண்டியைத் திருப்பித் தரவும், உண்மையான காரணமாகிய என்மீது நடவடிக்கை எடுக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

ஊரே தேடும் அந்தத் தேனீக்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துவிட்டது, அத்தனையும் என்னுடையவை, ஒன்றுகூட ஜூஸ் வண்டி அக்காவிடம் அழுக்கைத் தேடி வந்தது இல்லை!

1. நூற்றுக்கும் மேற்பட்ட வீடியோக்களைப் பார்த்துத்தான் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொண்டேன். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் முதல் பெட்டியை வைத்தேன். பெட்டியை விற்றவர் சொன்னது ஒன்றே ஒன்று: "சர்க்கரைப் பாகை பெட்டிக்குள்ள மட்டும் வைம்மா. வெளிய வெச்சுப் பழக்கிட்டா, அது தீர்ந்ததும் தெருத்தெருவா தேட ஆரம்பிச்சிடும்." தலையை ஆட்டிவிட்டு வந்து, பாகைத் தட்டில் ஊற்றி வெளியேதான் வைத்தேன். பெட்டிக்குள் வைத்தால் அவை குடிப்பதை வீடியோ எடுக்க முடியாது. வேறு காரணம் இல்லை.

2. பாகில் எலுமிச்சை வாசம் இருந்தால் சீக்கிரம் வரும் என்று எங்கோ பார்த்தேன். எங்கள் கட்டட வாசலில் ஜூஸ் வண்டி போட்டிருக்கும் அக்காவிடம் பிழிந்த தோல்களைக் கேட்டேன். "தேனீக்கா? அள்ளிக்கோ பாப்பா. ஆனா அதுங்ககிட்ட சொல்லி வை, என்கிட்ட வந்து ஐஸ் கம்மியா ஒண்ணுன்னு கேட்டா தரமாட்டேன்" என்று சிரித்துக்கொண்டே பை நிறையக் கொடுத்தார். பத்து நாள் அந்த வாசத்தோடுதான் ஊட்டினேன். பிறகு சித்தி வீட்டுக்கு நான்கு நாள் போய்விட்டேன். தட்டு காய்ந்தது.

3. திரும்பி வந்த அன்று வண்டியின் கண்ணாடி ஜாடி தெரியாத அளவுக்குத் தேனீக்கள். அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். நான் உதவிக்குப் போகவில்லை. போனை எடுத்தேன். "நம்ம தெருவுக்குத் தேனீப் படை வந்தாச்சு மக்களே!" என்று போட்டேன். இதுவரை நான் போட்ட எதையும் இத்தனை பேர் பார்த்ததில்லை. "இவ்ளோ மொய்க்குதுன்னா கடை எவ்ளோ நாறும்?" என்று ஒருவர் கீழே எழுதினார். அதற்கும் நான் சிரிப்புப் பொம்மை போட்டேன். அன்று மாலையே ஆட்டோ ஓட்டுநர் ஒருவருக்கு உதட்டில் கொட்டி வீங்கியது.

4. கட்டடத்தார் முப்பத்தொரு பேர் வண்டியை அகற்றக் கோரிக் கையெழுத்திட்டனர். ஏழாவது கையெழுத்து என் அப்பாவுடையது. "எம்பொண்ணு வளக்குற தேனீ பூவைத் தவிர எதையும் தொடாதுங்க. இது ஏதோ குப்பைத்தொட்டிக் கோஷ்டி" என்று எல்லோரிடமும் சொன்னார். அந்த வசனத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்.

5. சென்ற வாரம் திங்களன்று சந்தேகம் வந்து பெட்டி வாசலில் மைதா தூவினேன். வெளியேறும் தேனீயின் முதுகில் மாவு ஒட்டும், எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கலாம். கீழே ஓடினேன். எட்டு நிமிடத்தில் வெள்ளை முதுகோடு மூன்று தேனீக்கள் ஜாடி விளிம்பில் உட்கார்ந்திருந்தன. எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

6. புதனன்று தாங்களே நேரில் வந்தீர்கள். என் வீடியோவைத் தங்கள் போனில் காட்டி, "இந்தப் பக்கம் யாராச்சும் தேனீ வளக்கறாங்களாம்மா?" என்று அக்காவைக் கேட்டீர்கள். படிக்கட்டில் நின்ற என்னை அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "தெரியாதுங்க சார்" என்றார். நான் போனைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். வண்டியை ஏற்றிச் சென்றார்கள்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பின்னால் அக்காவிடம் கேட்டேன். "உன் பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டா நீ அழுவ பாப்பா. என் வண்டிய ரெண்டு நாள்ல விட்ருவாங்க" என்றார். ஆறு நாள் ஆகிவிட்டது. தாங்கள் காட்டிய வீடியோவை எடுத்தது நான்தான் என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

7. வரும் வெள்ளிக்கிழமை விசாரணையில் அவருடைய உரிமம் ரத்தாகும் என்று அறிகிறேன். எனவே தாங்கள் கருணையோடு,

அ) "சுகாதாரக் கேடு" என்று அவர் பெயரில் எழுதிய குறிப்பை நீக்கி, வண்டியை அவரிடமே ஒப்படைக்க வேண்டுகிறேன். அந்த ஜாடியை அவர் ஒரு நாளில் எத்தனை முறை கழுவுவார் என்பதை மாடியிலிருந்து தினமும் பார்ப்பவள் நான்.

ஆ) என் பெட்டியை இன்றே சோதித்து, எனக்கு உரிய தண்டனை விதிக்க வேண்டுகிறேன். பாகை இப்போது பெட்டிக்குள் வைத்துவிட்டேன். பெட்டியை விற்றவர் நாளை வந்து தம் தோட்டத்துக்கு எடுத்துச் செல்கிறார். ஆட்டோ ஓட்டுநரிடம் நேற்றே போய் மன்னிப்புக் கேட்டேன். "போம்மா, பேசினா இன்னும் வலிக்குது" என்றார்.

இ) அக்காவிடம் வீடியோ விஷயத்தை இன்று மாலை நானே நேரில் சொல்கிறேன். அதுவரை தாங்கள் சொல்லிவிட வேண்டாம். தங்களிடம் கேட்கத் தகுதியில்லை என்றாலும், இதை மட்டும் கேட்கிறேன்.

அந்த வீடியோவை அழித்துவிட்டேன். ஆனால் பகிர்ந்தவர்களிடம் அது இன்னும் இருக்கிறது. ஆகவே இம்மனுவை நாளை காலை தங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படியும், என் பக்கத்தில் நான் நாளை போடவிருக்கும் இதன் படத்தை, வீடியோவைப் பகிர்ந்த ஒவ்வொருவரும் பகிரும்படியும் வேண்டுகிறேன். கையெழுத்திட்ட முப்பத்தொரு பேரும் வெள்ளி காலை பத்து மணிக்கு நகராட்சி வாசலுக்கு வந்து கையெழுத்தைத் திரும்பப் பெறுங்கள். என் அப்பாவை நான் அழைத்து வருகிறேன். திட்ட வேண்டும் என்றால் அதற்கும் வாருங்கள், முன்னாலேயே நிற்பேன்.

இடம்: நான்காம் மாடி
நாள்: செவ்வாய்க்கிழமை, காலை

தலைகுனிந்து,
(ஒப்பம்)
மாடித் தேனீக்காரி