சோறு வேண்டாம், அரிசி கொண்டு வாங்க

அக்கா,

இன்று மட்டக்களப்பில் ஒரு கூட்டம். மதியச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்ததும் சூட்டில் அவிந்த பருப்பு மணம் எழுந்தது. வெள்ளம் வடிந்த கிழமைகளில் வாழைச்சேனையில் நாமிருவரும் நிவாரணச் சோற்றுப் பார்சல் பங்கிட்டு நின்றது நினைவுக்கு வந்தது. மேடையில் ஒருவர் சிறு தொழில்முனைவோரைக் கட்டியெழுப்புவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் ஒரு கடையிலாவது கடன் சொல்லி நின்றிருப்பாரா?

வாவிக்கரையில் யோகம் மாமியின் சாப்பாட்டுக் கடை. கூரைத் தகடு போய், அடுப்புக்குள் சேறு ஏறிக் கிடந்தது. மாமி எல்லாவற்றையும் கழுவி, அயலில் பானை இரவல் வாங்கி, மறுபடி அடுப்பை மூட்டினார். அதே பகல் நம் அமைப்பின் நிவாரண லொறி சமைத்த சோற்றோடு வந்து, நிழல் பார்த்து அவர் வாசலிலேயே நின்றது. இலவசச் சோறு வாசலில் நிற்கும்போது காசு கொடுத்து யார் சாப்பிடுவார்? ஒவ்வொரு பகலும் மாமி சமைத்தது நாய்க்குப் போனது. கடை இரண்டாம் முறை மூழ்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை நம்மால்.

நீங்கள் லொறிச் சாரதியிடம் போனீர்கள்.

"தம்பி, நாளைக்குச் சோறு வேணாம். அரிசியும் மரக்கறியும் கொண்டு வாங்க. மாமி சமைப்பா, கூலி குடுப்பம்."

"என்னக்கா, உங்களுக்குக் கமிஷனோ?"

"ஓம். ஒரு பொரிச்ச மீன்."

மேலிடத்தில் உங்களுக்கு ஏச்சு விழுந்தது. ஆனால் மறுநாள் அந்தத் தெரு மாமியின் கைச்சோறு தின்றது. பார்சல் நின்ற பிறகும் தோணிக்காரர்கள் அங்கேயே காசு கொடுத்துச் சாப்பிட்டார்கள். உதவி என்று நினைத்து, பசியில்லாமலே நானும் ஒரு தட்டுக் கேட்டேன். "பாவம் பாத்து வாங்காதடா. பசிச்சா வாங்கு. ருசி இல்லாட்டிச் சொல்லு" என்றீர்கள். என்னைவிட இரண்டு வயதுதான் கூட உங்களுக்கு. வாய் மட்டும் கிழவி வாய்.

பிறகு ஒரு காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது.

உங்கள் முப்பத்தோராம் நாள் அமுதுப் பந்திக்குச் சமையல் சொல்ல மாமியிடம் போனேன். அழுதார். மூக்கைச் சிந்தினார். பிறகு விலை சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"என்ன பாக்கிறாய்? சும்மா செஞ்சா அவ ஏசுவா."

முழு விலையும் கொடுத்தோம். பந்தியில் எல்லோரும் புகழ்ந்தார்கள். நான் குசினிக்குள் போய், "சொதியில தேசிப்புளி கூடிப்போச்சு மாமி" என்றேன். அகப்பையை ஓங்கினார்.

உங்களிடமிருந்து என்னோடு வந்தது இந்த வாய்தான், அக்கா. அதை வைத்துக்கொண்டு இன்னும் ஏச்சு வாங்குகிறேன்.